ஆண்ட்ரூ கேய்ஸ்: என்பிஏவில் 26 ஆட்டம் மட்டுமே ஆடியவர் எப்படி இவ்வளவு பெரிய ஷூட்டர்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆண்ட்ரூ கேய்ஸை ஆஸ்திரேலியர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், ஆனால் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவில் அவர் ஆடியது மொத்தமே 26 ஆட்டம், எடுத்தது 43 புள்ளி. அப்படியானால் இது ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை ஆன கதைதானே என்கிறீர்கள். கூடவே, 13 வயது மகன் நாள் முழுக்க த்ரீ பாயிண்டர், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று போடும் மூன்று புள்ளி ஷாட், மட்டுமே போட்டுப் பழகுகிறான், இவருடைய பழைய வீடியோக்களை அவனுக்குக் காட்டினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது, ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அவர் பந்து கையில் இல்லாதபோது என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது, உங்கள் மகன் கற்க வேண்டியதும் அதுவே.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக் காலத்தில் ஊரில் பாஸ்கெட்பால் ஆடியவன், மெல்பர்னுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதில் பெரும்பகுதி 12, 14, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். தொழில்முறை அணி எதிலும் வேலை பார்த்ததில்லை. கேய்ஸை நேரில் பார்த்தது அவருடைய கடைசி இரண்டு மூன்று சீசன்களில், அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது. அவருடைய உச்சக்காலத்தை நானும் உங்களைப் போல வீடியோவில்தான் பார்த்தேன், ஆனால் ஒரு பயிற்சியாளன் பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். 1965ல் மெல்பர்னில் பிறந்தவர். அப்பா லின்ட்சே கேய்ஸ் ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக், தேசிய அணியின் பயிற்சியாளராக நான்கு ஒலிம்பிக் பார்த்தவர். ஆல்பர்ட் பார்க்கில் இருந்த பழைய பாஸ்கெட்பால் ஸ்டேடியத்தை நிர்வகித்தவரும் அவர்தான், குடும்பம் குடியிருந்ததும் அந்த இடத்திலேயே. பையன் கண் விழித்தால் கோர்ட், பள்ளி விட்டு வந்தால் கோர்ட். 1984ல் மெல்பர்ன் டைகர்ஸ் அணி ஆஸ்திரேலிய லீகான என்பிஎல்லுக்குள் வந்தது, அப்பா பயிற்சியாளர், மகன் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம். அதே அணியில் 2005 வரை 612 ஆட்டங்கள், 18,908 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட 31. லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை, 1991லிருந்து 1998 வரை 1993 ஒன்றைத் தவிர எல்லா வருடமும் அவருக்கே. அதிகப் புள்ளி எடுத்தவர் என்று 14 சீசன்களில் வந்திருக்கிறார். மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கே இன்று அவர் பெயர்தான்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், அந்தச் சந்தேகம் நியாயமானது. 1987ல் அவருடைய சராசரி 44.1. இன்று யாராவது அப்படி ஆடினால் உலகமே அதைப் பற்றித்தான் பேசும். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய என்பிஎல் ஆட்டம் 40 நிமிடம் இல்லை, என்பிஏ போல 48 நிமிடம். டைகர்ஸ் அப்போது பலமான அணியும் இல்லை, போடுவதற்கு வேறு ஆள் இல்லாததால் பந்து மீண்டும் மீண்டும் இவரிடமே வந்தது. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளுக்குள் வந்ததே 1984ல்தான், அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவனை எப்படித் தடுப்பது என்று மற்ற அணிகள் முழுதாகக் கற்றுக்கொள்ளாத காலம் அது. ஆக 44.1 என்பதை வைத்து அவரை அளந்தால் நீங்கள் சொல்லும் இலுப்பைப்பூ வாதத்துக்கு இடம் கொடுத்ததாகத்தான் ஆகும். நான் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடுகிறேன். அதனால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது, ஏனென்றால் அவருக்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் ஒலிம்பிக். 1984, 1988, 1992, 1996, 2000 என்று ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடி 789 புள்ளிகள். ஆண்கள் கூடைப்பந்தில் இவருக்கு மேலே இருப்பவர் பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் ஒருவர்தான். எதிரே நின்றவர்கள் யூகோஸ்லாவியா, குரோஷியா, லித்துவேனியா, ஸ்பெயின், அமெரிக்கா. 1994 உலகக் கோப்பை கனடாவில் நடந்தபோது மொத்தப் போட்டியிலும் அதிகச் சராசரி வைத்திருந்தவர் இவர்தான். உள்ளூர் லீகில் பலம் குறைந்த அணிகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் ஒலிம்பிக்கில் குரோஷியாக்காரன் உங்களை மட்டும் குறிவைத்து இரண்டு பேரை அனுப்பும்போது, உங்கள் அணியில் உங்களைத் தவிரப் பெரிய ஆபத்து யாரும் இல்லை என்று எதிரணிப் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கும்போது, பதினாறு வருடம் இப்படிப் புள்ளி எடுப்பதை லீக் சின்னது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

இடையில் அமெரிக்காவிலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. சியோல் ஒலிம்பிக் முடிந்த கையோடு 1988–89 சீசனுக்கு நியூ ஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார், பயிற்சியாளர் பி. ஜே. கார்லசிமோ. ஒரே ஒரு வருடம். ஆட்டத்துக்கு 13.6 புள்ளி சராசரி, அந்த அணி தேசிய இறுதிப்போட்டி வரை போனது. அரையிறுதியில் டியூக் அணியை 95–78 என்று தோற்கடித்தபோது இவர் 20 எடுத்தார். சியாட்டிலில் நடந்த இறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 80–79 என்று ஒரே புள்ளியில் தோல்வி. மூன்று விநாடி மிச்சம் இருக்கையில் கொடுக்கப்பட்ட ஒரு ஃபவுல், ருமீல் ராபின்சன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டார். அந்த விசில் சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு கேய்ஸ் நன்றாக ஆடவில்லை, மிச்சிகன் அவரைக் கட்டிப்போட்டது, ஐந்து புள்ளிதான் எடுத்தார். ஒரு வருடம் ஆடிவிட்டு உடனே ஊருக்குக் கிளம்பியதற்காக, படிக்க வந்தவரா ஆட வந்தவரா என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விமர்சனமும் வந்தது, அதிலும் ஓரளவு நியாயம் உண்டு.

சரி, அப்புறம் ஏன் என்பிஏ நடக்கவில்லை? இங்கேதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது என்னவென்றால், 1989 ஏப்ரல் வரை என்பிஏவில் ஆடுகிறவர் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்கு ஆட முடியாது, சர்வதேசக் கூட்டமைப்பின் விதி அப்படி. ஆஸ்கர் ஷ்மிட்டை 1984ல் என்பிஏ அணி தேர்ந்தெடுத்தும் அவர் போகாததற்கு இதுதான் காரணம். கேய்ஸின் இருபது வயதுகள் பாதி அந்த விதிக்குள்ளேயே போய்விட்டன. அடுத்தது காலண்டர். அன்றைய ஆஸ்திரேலிய சீசன் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடியும், என்பிஏ சீசன் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ தொடங்கும். ஒன்றில் முழுதாக ஆடிவிட்டு இன்னொன்றுக்குப் போவது உடம்புக்கு முடியாத காரியம். 1989 கல்லூரி இறுதிப்போட்டிக்குப் பிறகு சியாட்டிலின் என்பிஏ அணியுடன் பயிற்சிக்குப் போய் இடம் கிடைக்காமல் திரும்பினார். இத்தாலியில் உதினே, கிரீஸில் பத்ராஸ் என்று ஐரோப்பாவிலும் ஒவ்வொரு சீசன் ஆடிப் பார்த்தார். 1994 மார்ச்சில் வாஷிங்டன் புல்லெட்ஸ் கூப்பிட்டது, பத்து நாள் ஒப்பந்தம் என்கிற வகை, ஏழு ஆட்டம். அந்த அணி அந்த வருடம் 24 வெற்றி 58 தோல்வி. புதிதாக வந்தவன் சீசன் கடைசியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குள் நுழைந்து, ஆட்டமுறையைக் கற்றுக்கொள்வதற்குள் தன் ஊர் சீசன் தொடங்கிவிடும். ஏழு ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது.

பிறகு 1999ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அப்போது அவருக்கு 33 வயது. ஆட்டக்காரர்களோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் லீகையே பூட்டியதால் 50 ஆட்டமாகச் சுருங்கிய சீசன், கிரெக் போபோவிச் பயிற்சியாளர், டிம் டங்கன், டேவிட் ராபின்சன் என்று இரண்டு மலைகள் நடுவில். 19 ஆட்டங்களில் இவர் எட்டிப் பார்த்தார், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி சொச்சம். அணி கோப்பை வென்றது, இவருக்கும் மோதிரம் கிடைத்தது, ஆனால் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் ஆடவில்லை. அந்த அணியில் ஸ்டீவ் கெர் கூட, அவ்வளவு துல்லியமாகப் போடுகிறவர் கூட, பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் வந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றைய என்பிஏவில் வெளியிலிருந்து போடுகிறவனுக்கு வேலையே குறைவு. 1993–94ல் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் முயன்ற த்ரீ பாயிண்டர் சுமார் 10. இப்போது அது 35ஐத் தாண்டிவிட்டது. தடுப்பாட்ட விதிகளும் வேறு; 2001 வரை ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஸோன் டிஃபென்ஸ் கிடையாது, ஒருவருக்கு ஒருவர் என்றுதான் காக்க வேண்டும், அதனால் பந்தை ஒரு பக்கம் ஒருவனிடம் கொடுத்து மற்றவர்களை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, அவன் தனியாக மோதி ஜெயிப்பதுதான் பாணி. அப்படி நேருக்கு நேர் மோதி ஒருவனைத் தாண்டிப்போகும் ஆட்டம் கேய்ஸுக்குக் கிடையாது. வேகம் இல்லை, துள்ளல் இல்லை. 2 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரம் இருந்தது, அந்த உயரத்தில் தன்னைப் போன்றவர்களை அங்கே காத்து நிற்பதும் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். தடுப்பாட்டம் அவருடைய பலம் என்று அவரை விரும்புகிறவர்கள் கூடச் சொல்வதில்லை. கூடவே ஒரு தூரக் கணக்கும் இருக்கிறது: சர்வதேசக் கோடு அப்போது ரிங்கிலிருந்து 6.25 மீட்டர், என்பிஏ கோடு உச்சியில் 7.24. ஒரு மீட்டர் என்பது படிக்கும்போது சின்னதாகத் தெரியும், கையில் பந்தோடு நின்றால் தெரியும் அது எவ்வளவு என்று. ஆனால் அந்த ஒரு மீட்டர்தான் அவரைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல மாட்டேன், கோட்டுக்கு ரொம்பத் தள்ளி நின்றும் அவர் போட்டிருக்கிறார்.

ஊகம் என்று சொல்லித்தான் இதைச் சொல்கிறேன்: 24, 25 வயதில் பொறுமையான ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு முழு சீசன் இருந்திருந்தால் அவர் என்பிஏவில் பெஞ்சிலிருந்து வந்து பத்துப் பன்னிரண்டு புள்ளி எடுக்கும் ஆளாக நிலைத்திருப்பார். அதற்கு மேல் சொன்னால் அது ஆசை. டிராஸென் பெட்ரோவிச்சைப் பாருங்கள், ஐரோப்பாவே பயந்த ஆட்டக்காரர், போர்ட்லாந்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், நியூ ஜெர்சிக்குப் போய் நிமிடங்கள் கிடைத்ததும் 1992–93ல் 22 புள்ளி சராசரி. ஆனால் பெட்ரோவிச் பந்தைத் தானே தட்டிக்கொண்டு போய்த் தானே போடக்கூடியவர், கேய்ஸ் அப்படி இல்லை. அதைவிட நல்ல ஒப்பீடு ஜோ இங்கிள்ஸ். அவரும் ஆஸ்திரேலியர், அவரும் ஏறக்குறைய அதே உயரம், அவருக்கும் வேகமும் துள்ளலும் கிடையாது. 2014ல் கிளிப்பர்ஸ் அணி சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட, யூட்டா எடுத்துக்கொண்டது, அப்போது 27 வயது. அங்கே எட்டு சீசன் ஆடி, த்ரீ பாயிண்டர் எண்ணிக்கையில் ஜான் ஸ்டாக்டனின் யூட்டா சாதனையையே தாண்டினார். 2020–21ல் அவர் போட்ட த்ரீ பாயிண்டரில் 45 சதவீதம் உள்ளே. இங்கிள்ஸுக்கு கேய்ஸைவிடப் பாஸும் தடுப்பாட்டமும் ஒரு படி மேல், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அப்படி ஒரு உடம்புக்கு 2014ல் இடம் இருந்தது, 1994ல் இல்லை. லீகின் தேவை மாறியிருந்தது.

சரி, அப்படியானால் அவர் எதில் பெரியவர்? இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். லின்ட்சே கேய்ஸ் டைகர்ஸை ஆட வைத்தது ஷஃபிள் என்கிற பழைய முறை. ஐந்து பேரும் ஐந்து இடத்தையும் ஆட வேண்டும், யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. கோர்ட்டின் ஒரு பக்கம் ஆட்களைக் கூட்டி நிறுத்துவார்கள். பந்து அந்தப் பக்கத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்கம் போகும். அது போகும் அதே நேரத்தில் கூட்டப் பக்கத்தில் ஓரத்தில் நிற்பவன், நடுவில் சுவர் போல நிற்கும் தன் ஆளின் தோளை உரசிக்கொண்டு ரிங்கை நோக்கிக் கட் அடிப்பான். அவனுக்கு பாஸ் கிடைத்தால் லே-அப், ரிங்குக்குக் கிட்டே போய்ச் சுலபமாகப் போடும் ஷாட். கிடைக்காவிட்டால், உச்சியில் பந்தைத் தள்ளிவிட்டவன் கீழே இறங்கி வந்து, சுவராக நின்றவனுக்கே இப்போது சுவராக நிற்பான், அவன் வெளியே வந்து பந்து வாங்கிப் போடலாம். அதுவும் இல்லையென்றால் பார்த்தால் எல்லோரும் ஓர் இடம் நகர்ந்திருப்பார்கள், அதே அமைப்பு இப்போது மறுபக்கத்தில் இருக்கும். மறுபடி முதலிலிருந்து. எதிரணி ஒரு கணம் அசந்தால் போதும். எதிரணி எல்லாவற்றுக்கும் இது தெரியும், அடுத்து என்ன வரும் என்று மனப்பாடமாகவே தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. காரணம், இந்த முறையில் பாதை எழுதியிருக்கிறதே தவிர, எப்போது திரும்ப வேண்டும் என்பது எழுதியில்லை. அதை ஓடுகிறவன் தடுப்பவனின் காலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கேய்ஸ் இருபத்திரண்டு சீசன் இந்த முடிவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார், ஆட்டத்துக்கு நூறு முறை. நான் அவரை நேரில் பார்த்தது பார்க்வில்லில் இருக்கும் ஸ்டேட் நெட்பால் ஹாக்கி சென்டரில். முதல் நாள் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பதை நெருங்கும் ஒரு மனிதர் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறார், எப்படியோ 25 புள்ளிக்கு மேல் வந்துவிட்டது, எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. அடுத்த முறை போனபோது பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அவர் நிற்கவே இல்லை. வேகமாகவும் ஓடவில்லை. நடப்பார், நடந்துகொண்டே தடுப்பவனின் தோளில் லேசாகச் சாய்வார், அவன் பதிலுக்குத் தள்ளுவான், தள்ளிய அந்தக் கணத்தில் இவர் எதிர்ப்பக்கம் விலகிவிடுவார். தள்ளியவன் தன் வேகத்திலேயே இரண்டு அடி தப்பான பக்கம் போயிருப்பான். அவ்வளவுதான் இவருக்குத் தேவை. பந்து வரும்போது அவருடைய பாதங்கள் ஏற்கெனவே ரிங்கைப் பார்த்து இருக்கும், முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருக்கும். வாங்கிய பிறகு தயாராவது என்பது அவரிடம் இல்லை. பாய்ந்து வந்து தடுக்க முயன்றால் பந்தைத் தூக்குவது போலக் காட்டி அவனைத் தன் மேல் விழ வைத்து ஃப்ரீ த்ரோ வாங்கிவிடுவார். அந்த ஃப்ரீ த்ரோக்களைக் கழித்தால் அவர் எண்கள் பாதி புரியாது.

எட்டிப் போடுவது கையின் வேலை, சுதந்திரமாகப் போடும் இடத்தை உண்டாக்குவது காலின் வேலை. இதை நான் பிள்ளைகளிடம் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். என் பயிற்சியில் நின்ற இடத்தில் பத்துக்கு எட்டு போடும் பையன்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், ஆட்டத்தில் அவர்களுக்கு மூன்று ஷாட் கூடக் கிடைக்காது, ஏனென்றால் பந்து தேடி வரும் என்று ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆறு வருடம் முன் ஒரு பெண் பிள்ளை வந்தாள், நின்ற இடத்தில் பத்துக்கு ஐந்துதான். ஆனால் நிற்கவே மாட்டாள். ஷஃபிள் கட்டை அவளுக்கு ஒரு வாரம்தான் காட்டினேன், சீசன் முடிவில் அணியிலேயே அதிகப் புள்ளி அவளுடையது.

அணிக்கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனி ஆளாகப் புள்ளி சேர்த்தவர் என்று ஒரு குறையும் அவர் மேல் இருந்தது. 1990களில் லனார்ட் கோப்லாண்ட், மார்க் பிராட்கி போன்றவர்கள் டைகர்ஸுக்கு வந்த பிறகு கேய்ஸின் சராசரி இறங்கியது, அணி மேலே ஏறியது. 1992ல் இறுதியில் சவுத் ஈஸ்ட் மெல்பர்ன் மேஜிக்கிடம் தோல்வி, 1993ல் பெர்த்தை 2–1 என்று வென்று முதல் கோப்பை, 1996ல் மறுபடி மேஜிக்கிடம் தோல்வி, 1997ல் அதே மேஜிக்கைத் தோற்கடித்து இரண்டாவது கோப்பை. ஒரே ஊரின் இரண்டு அணிகள், அந்த நாட்களில் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றதாக இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். 2005ல் அப்பாவும் மகனும் ஒன்றாகவே டைகர்ஸை விட்டு விலகினார்கள். பிறகு அவர் 2016 முதல் 2019 வரை சிட்னி கிங்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்தார், அதில் கோப்பை எதுவும் வரவில்லை, பயிற்சியாளராக அவரை ஆட்டக்காரர் கேய்ஸுக்குச் சமமாக யாரும் வைப்பதில்லை, நானும் வைக்கவில்லை.

அவருக்குக் கிடைக்காதது ஒலிம்பிக் பதக்கம். அதுதான் எனக்கு மனசு கனக்கும் பகுதி. பூமர்ஸ் என்றால் ஆண் கங்காரு, தேசிய அணிக்கு அதுதான் பெயர். 1988ல் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோல்வி. 1996ல் காலிறுதியில் குரோஷியாவை 73–71 என்று வென்று, கடைசியில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் லித்துவேனியாவிடம் 80–74 என்று தோல்வி. 2000ல் சொந்த நாட்டில், சிட்னியில், தொடக்க விழாவில் தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தது கேய்ஸ்தான். அந்த முறையும் அரையிறுதியில் பிரான்ஸிடமும், வெண்கலத்துக்கு மறுபடி லித்துவேனியாவிடமும் தோற்றார்கள். மூன்று முறை நான்காம் இடம். நான்காம் இடத்துக்கு மேடையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. 2016ல் அடுத்த தலைமுறை ஸ்பெயினிடம் 89–88 என்று ஒரு புள்ளியில் அதையே மறுபடி அனுபவித்தது.

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஸ்லோவேனியாவை 107–93 என்று வென்று முதல் பதக்கம் வந்தது. பாட்டி மில்ஸ் 42 புள்ளி. என்பிஏவில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர், நாட்டு உடை போட்டால் வேறு ஆளாக மாறிவிடுவார், கேய்ஸைப் போலவே. அன்று தொலைக்காட்சி நேரலையில் கேய்ஸ் இருந்தார். பேச முயன்றார், முடியவில்லை, அழுதார். நானும் என் மனைவியும் வீட்டில் ஊரடங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தன் கழுத்தில் விழாத ஒன்று இன்னொருவன் கழுத்தில் விழுவதைப் பார்த்து ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இலுப்பைப்பூ இல்லை, சர்க்கரைதான், ஆனால் அது அன்றைக்கு என்பிஏ வாங்காத சர்க்கரை. 26 ஆட்டம் அவருடைய எல்லைகளைப் பற்றி ஓரளவு உண்மை சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அவருடைய திறமையைப் பற்றி ஒலிம்பிக்கின் 789 புள்ளி அதைவிட அதிகம் சொல்கிறது.

உங்கள் மகனுக்கு 1989ன் டியூக் அரையிறுதியையும், 1990களின் டைகர்ஸ் ஆட்டம் எது கிடைக்கிறதோ அதையும் காட்டுங்கள். முதல் முறை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது முறை பந்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, டைகர்ஸ் ஆட்டத்தில் 10ஆம் எண் பனியனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அவர் முழுசாக நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் அவன் ஆடுகிற ஒரு ஆட்டத்தை ஃபோனில் எடுத்து, அதே காகிதத்தின் மறுபக்கத்தில் அவனையே அவனுக்குக் கோடு போட வையுங்கள். பத்து நிமிட வீடியோ போதும்.